படி எத்தனை கிலோ?

டீயை வாங்கிக்கொண்டு ஓரமாக உட்காருவோம். ஒரு சின்னக் கேள்வி இருக்கிறது. ஒரு படி எத்தனை கிலோ? யாரைக் கேட்டாலும் பதில் வரும். "ஒன்றரைக் கிலோ" என்பார் ஒருவர். "ஒன்று நானூறு" என்பார் இன்னொருவர். ஒன்றேகால் என்பவரும் உண்டு. இதில் எது சரி என்று சண்டை போடுவதைவிடக் கேள்வியைக் கொஞ்சம் உரசிப் பார்ப்பது நல்லது. அந்தக் கேள்வியில் ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறது. அதைக் கண்டுபிடித்துவிட்டால் படி மட்டுமல்ல, எண்ணெய் பாக்கெட், ஐஸ்கிரீம் டப்பா, ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் எல்லாமே நமக்கு விளங்கிவிடும்.

இதைப் பேசப் பென்னலூர் ரொம்பப் பொருத்தமான ஊர். சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில், ஊரிலேயே ஒரு பொறியியல் கல்லூரி. கிழக்கே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை. மேற்கே ஸ்ரீபெரும்புதூர், அதைத் தாண்டிச் சுங்குவார்சத்திரம். தெற்கே ஒரகடம். சுற்றுவட்டாரத்தில் வேலை பார்க்கிறவர்கள் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக்கூட விடாமல் அளக்கிறவர்கள். சுங்குவார்சத்திரத்து சாம்சங் ஆலையையே பாருங்கள்: அங்கே தயாராகும் டிவிக்கு அளவு அங்குலத்தில், ஃபிரிட்ஜுக்கு லிட்டரில், வாஷிங் மெஷினுக்குக் கிலோவில். ஒரு கார் டயரின் பக்கவாட்டில் 205/65 ஆர் 16 என்று இருந்தால், 205 என்பது மில்லிமீட்டர், 16 என்பது அங்குலம். ஒரே டயரில் மெட்ரிக்கும் பிரிட்டிஷ் அளவும் சேர்ந்து ஓடுகின்றன. அதனால் யாருக்கும் தொந்தரவு இல்லை. எதை எதில் அளக்க வேண்டும் என்பது அங்கே தீர்மானமாக இருக்கிறது.

வீட்டுக்கு, அதாவது நாலைந்து பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த அறைக்கு, வந்தால்தான் தகராறு. ஞாயிற்றுக்கிழமை இட்லிக்கு ஊறப்போட ஆசைப்பட்டு ஒரு பையன் ஊருக்குப் போன் போடுகிறான். "ஒரு படி அரிசிக்கு ஒரு உழக்கு உளுந்து போடுப்பா" என்கிறார் அம்மா. மளிகைக் கடையில் படி கிடையாது, உழக்கும் கிடையாது. கிலோதான் உண்டு. "உழக்குன்னா எத்தனை கிராம்மா?" என்று அவன் கேட்டால் அம்மாவுக்குப் பதில் தெரியாது. தெரியாததில் தப்பே இல்லை. அந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது என்பதுதான் உண்மை.

பள்ளிக்கூடத்தில் நிறுத்தல் அளவை, முகத்தல் அளவை என்று இரண்டு வாய்பாடுகள் படித்திருப்போம். நிறுத்தல் என்பது தராசில் வைப்பது. பொருள் எவ்வளவு கனம் என்று சொல்வது. முகத்தல் என்பது பாத்திரத்தில் மொள்வது. பொருள் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று சொல்வது. கிராம், கிலோ, பவுண்டு, வீசை எல்லாம் நிறுத்தல். மில்லி, லிட்டர், காலன், படி எல்லாம் முகத்தல். கனமும் இடமும் வேறு வேறு சங்கதிகள்.

இரண்டையும் இணைப்பது அடர்த்தி. இங்கே தினமும் பார்க்கிற கம்பெனி பஸ்ஸை எடுத்துக்கொள்வோம். ஷிப்ட் விடும் நேரத்தில் அந்த பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இருக்காது. அதே பஸ் மத்தியானம் ஏழெட்டுப் பேரோடு போகும். பஸ்ஸின் நீள அகலம் மாறவில்லை. உள்ளே இருக்கும் மொத்தக் கனம் மாறிவிட்டது. படி என்பது அந்த பஸ். உள்ளே அரிசி ஏறுகிறதா, பொரி ஏறுகிறதா என்று தெரியாமல் எத்தனை கிலோ என்று சொல்ல முடியாது. ஆக, விட்டுப்போன சொல் இதுதான்: எந்தப் பொருளில்?

பழைய சென்னை மாகாணக் கடைத்தெருவில் இந்தக் குழப்பம் குறைவு, ஏனென்றால் எதை நிறுப்பது, எதை மொள்வது என்பது பழக்கத்தில் ஊறியிருந்தது. காய், வெல்லம், புளி, மிளகாய் தராசில். 3 தோலா ஒரு பலம், 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. ஒரு தோலா 11.66 கிராம் என்பதால் பலம் 35 கிராம், வீசை 1,400 கிராம். நெல், அரிசி, பயறு, எண்ணெய் எல்லாம் முகத்தலில். 2 ஆழாக்கு ஒரு உழக்கு, 2 உழக்கு ஒரு உரி, 2 உரி ஒரு படி, 8 படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம். ஒரு படியில் 4 உழக்கு என்பதைக் கவனியுங்கள். அந்த அம்மா சொன்ன கணக்கு இட்லிக்கு உரிய நாலுக்கு ஒன்று. அதைப் பிறகு பார்ப்போம்.

அப்படியென்றால் "படி 1.4 கிலோ" என்ற எண் எங்கிருந்து வந்தது? அதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. பட்டணம் படி என்று சொல்லப்பட்ட சென்னைப் படி ஏறக்குறைய 100 கன அங்குலம். இன்றைய கணக்கில் 1.64 லிட்டர். அதில் அரிசியைக் கொட்டித் தலை தட்டினால் 120 தோலா நிற்கும் என்பது கணக்கு. 120 தோலா என்பது சரியாக ஒரு வீசை, அதாவது 1.4 கிலோ. தலை தட்டாமல் மேலே குவித்து அளந்தால் 132 தோலா. அது 1.54 கிலோ. ஆக "ஒன்று நானூறு" என்றவரும் "ஒன்றரை" என்றவரும் இரண்டு பேருமே சரி. ஒருவர் தலை தட்டுகிறார், இன்னொருவர் குவிக்கிறார். நடுவில் இருக்கும் 12 தோலா, ஒரு கை அரிசி, அன்றைக்கு வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் நடுவே இருந்த பெரிய விஷயம்.

படியும் வீசையும் அரிசியில் வந்து சந்தித்துக்கொண்டதால், படியையே ஓர் எடை என்று நினைக்கும் பழக்கம் நம்மிடம் தங்கிவிட்டது. எல்லோருக்கும் இருக்கும் தவறான எண்ணம் இதுதான். இதில் கொஞ்சம் நின்று பார்ப்போம். அதே சென்னைப் படியில் ரவையைத் தலை தட்டினால் 1.1 கிலோ, 1.2 கிலோ அளவில் நிற்கும். மைதாவைச் சலித்து லேசாக நிரப்பினால் ஒரு கிலோவுக்குக் கீழேதான். தூள் உப்பு என்றால் இரண்டு கிலோவை நெருங்கும். பொரி என்றால் 200 கிராம்கூடத் தேறாது. படி அதேதான். அரிசிக்கு உரிய 1.4 என்ற எண்ணை மைதாவுக்குப் போட்டால் மாவு பாதிக்கு மேல் அதிகமாகிவிடும். உப்புக்குப் போட்டால் குறைந்துவிடும்.

ஊருக்கு ஊர் படி வேறாக இருந்தது இன்னொரு சிக்கல். ஆழாக்கை 168 மில்லி என்று கொள்ளும் கணக்கில் எட்டு ஆழாக்கு சேர்ந்த படி 1.34 லிட்டர்தான், சென்னைப் படியைவிடச் சிறிது. ஒன்றேகால் கிலோ என்றவருக்கும் தம் ஊர்ப் படியில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் கணக்கில் கவனமாக இருந்தவர்கள் வெறுமனே மரக்கால் என்று எழுதிவிட்டுப் போகவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளைப் பாருங்கள்: நெல்லின் அளவைச் சொல்லும்போது "ஆடவல்லான் என்னும் மரக்காலால்" என்று பாத்திரத்தின் பெயரையும் சேர்த்துக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். எந்தப் பாத்திரம் என்று தெரியாத எண்ணுக்கு மதிப்பில்லை என்பது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே தெரிந்திருந்தது. எனக்கு இந்தக் கல்வெட்டுகளில் மிகவும் பிடித்த இடம் இது.

சுதந்திரத்துக்குப் பிறகு நாடு முழுவதற்கும் ஒரே அளவு வேண்டும் என்று 1956ல் எடை, அளவுகள் சட்டம் வந்தது. 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வந்தது. 1958 அக்டோபரிலிருந்து கிலோ படிப்படியாகக் கடைக்கு வந்தது. 1962 ஏப்ரலில் கட்டாயமானது. கடை மாறிவிட்டது, வாய் மாறவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1967 தேர்தலில் தி.மு.க. கொடுத்த வாக்குறுதி ரூபாய்க்கு மூன்று படி அரிசி. மூன்று கிலோ என்று யாரும் சொல்லவில்லை. அண்ணா முதல்வரான பிறகு ரூபாய்க்கு ஒரு படி என்று முதலில் சென்னையிலும் கோவையிலும் கொடுத்தார்கள். 2008 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில், ரேஷனில் ஒரு ரூபாய்க்கு ஒரு கிலோ அரிசி வந்தபோது பேச்சு கிலோவுக்கு வந்துவிட்டிருந்தது. நாற்பது ஆண்டுகளில் மக்கள் மனசு படியிலிருந்து கிலோவுக்கு இறங்கியிருக்கிறது. அந்த மாற்றத்தில் நாம் கவனிக்காத ஒன்று உண்டு. அரிசியை மொண்டு வாங்கியவர்கள் நிறுத்து வாங்கத் தொடங்கினார்கள். அலகு மட்டும் மாறவில்லை, அளக்கும் முறையே மாறியது. பால் அப்படியில்லை. உழக்கில் மொண்டது இன்று 500 மில்லி பாக்கெட். அன்றும் முகத்தல், இன்றும் முகத்தல். அதனால்தான் பாலில் யாருக்கும் குழப்பம் வந்ததே இல்லை.

"அதெல்லாம் பழைய அளவின் கோளாறு. லிட்டருக்குக் கிலோ சரியாக இருக்குமே" என்று தோன்றலாம். அங்கேயும் இதே கதைதான். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சில் மெட்ரிக் முறையை உண்டாக்கியபோது, ஒரு லிட்டர் தண்ணீரின் எடையைத்தான் ஒரு கிலோ என்று வைத்தார்கள். படியும் வீசையும் அரிசியில் சந்தித்ததைப் போல லிட்டரும் கிலோவும் தண்ணீரில் சந்திக்கின்றன. பிரிட்டிஷ்காரர்கள் 1824ல் தங்கள் காலனைத் தீர்மானித்தபோதும் தண்ணீரைத்தான் பிடித்தார்கள்: 10 பவுண்டு தண்ணீர் பிடிக்கும் இடம் ஒரு காலன், அதாவது 4.546 லிட்டர். ஒவ்வொரு அளவு முறையும் ஏதோ ஒரு பொருளின் தோளில் கை போட்டுக்கொண்டுதான் பிறந்திருக்கிறது. அந்தப் பொருளை விட்டு நகர்ந்ததும் எண்ணும் நகர்ந்துவிடும். 2019 மே 20 முதல் கிலோவின் இலக்கணத்தை பிளாங்க் மாறிலி என்ற இயற்பியல் எண்ணை வைத்து எழுதிவிட்டார்கள். ஆனால் ஒரு லிட்டர் தண்ணீர் இன்னும் ஒரு கிலோதான். தண்ணீர் மட்டும்தான்.

சமையல் எண்ணெய் பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். ஒரு லிட்டர் என்று போட்டுப் பக்கத்திலேயே 910 கிராம் என்று போட்டிருக்கும். எண்ணெய் தண்ணீரைவிட லேசு, அதனால்தான் மிதக்கிறது. இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. எண்ணெய் சூடேறினால் விரியும். விரிந்தால் அதே ஒரு லிட்டர் இடத்தில் குறைந்த எண்ணெய்தான் அடங்கும். சோயா எண்ணெய் ஒரு லிட்டர் 21 டிகிரி செல்சியஸில் 919.1 கிராம், 60 டிகிரியில் 892.6 கிராம். சில பாக்கெட்டுகளில் 60 டிகிரியில் அளந்த லிட்டர் என்று சின்ன எழுத்தில் போடும் வழக்கம் இருந்தது. நம் அலமாரியில் எண்ணெய் 60 டிகிரியில் ஒருநாளும் இருப்பதில்லை. லிட்டருக்கு 26 கிராம் வாங்குகிறவருக்கு நட்டம். 2022 ஆகஸ்டில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, வெப்பநிலையைப் போடாமல் அளவை எடையோடு சேர்த்துப் போடுங்கள் என்று தயாரிப்பாளர்களுக்குச் சொல்லி, 2023 ஜனவரி 15 வரை அவகாசம் கொடுத்தது. எண்ணெயை வாங்கும்போது கிராமைப் பாருங்கள். கிராம் வெயிலுக்கு விரியாது.

தேன் இதற்கு நேர்மாறு. ஒரு லிட்டர் தேன் ஏறக்குறைய 1.4 கிலோ. அரைக் கிலோ தேன் பாட்டில் சின்னதாகத் தெரிகிறதே என்று சந்தேகப்பட வேண்டாம். 350 மில்லிதான் இடம் பிடிக்கும். பால் தண்ணீரைவிடக் கொஞ்சமே கனம், அரை லிட்டர் பாக்கெட் 515 கிராம் அளவில் நிற்கும். ஐஸ்கிரீம்தான் வேடிக்கை. டப்பாவில் மில்லியில் எழுதியிருக்கும். ஐஸ்கிரீமைக் கடையும்போது காற்றைச் சேர்க்கிறார்கள். காற்று இல்லாவிட்டால் அது கரண்டி இறங்காத பனிக்கட்டி ஆகிவிடும். எவ்வளவு காற்று சேர்க்கலாம் என்பதற்கு நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் எல்லை வைத்திருக்கிறது: ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் குறைந்தது 525 கிராம் இருக்க வேண்டும். 700 மில்லி டப்பாவில் 370 கிராம் இருந்தாலே சட்டப்படி சரி. இது ஏமாற்று அல்ல, அந்தப் பண்டத்தின் இயல்பு. ஆனால் 700 என்ற எண்ணைப் பார்த்து முக்கால் கிலோ என்று நினைத்து விருந்துக்கு வாங்கினால் பாதிப் பேருக்குத்தான் வரும்.

இடத்தையும் கனத்தையும் இணைக்கும் அந்த ஒரு எண்ணைத் தவறாகப் போட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1983 ஜூலை 23 சாட்சி. ஏர் கனடா நிறுவனத்தின் போயிங் 767 விமானம். கனடா அப்போதுதான் மெட்ரிக்குக்கு மாறிக்கொண்டிருந்தது. தொட்டியில் இருந்த எரிபொருள் 7,682 லிட்டர் என்று அளவுகோலை விட்டுச் சரியாகத்தான் பார்த்தார்கள். லிட்டரைக் கிலோவாக்க 0.8 என்ற எண்ணால் பெருக்க வேண்டும். அவர்கள் கையில் இருந்தது 1.77, அது லிட்டரைப் பவுண்டாக்கும் எண். வந்த விடையைக் கிலோ என்று நினைத்துக்கொண்டு, வேண்டியதில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு கிளம்பியதால், நடுவானில் இரண்டு இயந்திரங்களும் நின்றுபோயின. கிம்லி என்ற இடத்தில், கைவிடப்பட்ட விமானப்படைத் தளத்தில் விமானி அதை மிதக்கவிட்டு இறக்கினார். 69 பேரும் பிழைத்தார்கள். அங்கே யாரும் அளப்பதில் தவறவில்லை. மாற்றுவதில்தான் தவறினார்கள்.

இனி கப்புக்கு வருவோம். அமெரிக்காவில் இருக்கும் உறவுக்காரர் அனுப்பும் கேக் குறிப்பில் ஒரு கப் என்றால் ஏறக்குறைய 240 மில்லி. கடையில் விற்கும் அளவுக் கப் 250 மில்லியாகவும் இருக்கும். அதில் மைதாவைச் சலித்துப் போட்டால் 120 கிராம். டப்பாவுக்குள் கப்பை விட்டு அழுத்தி மொண்டால் 150 கிராம். அதே கப், அதே மாவு, கால் பங்கு வித்தியாசம். கேக் கல்லாகிவிட்டதே என்று அடுப்பைத் திட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பேக்கரிக்காரர்கள் கப்பைத் தொடுவதே இல்லை. முட்டையைக்கூட நிறுத்துப் போடுகிறார்கள். அவுன்ஸ் என்று வந்தால் இன்னும் கவனம் வேண்டும். மாவுக்குச் சொல்லும் அவுன்ஸ் எடை, 28.35 கிராம். பாலுக்குச் சொல்லும் அவுன்ஸ் கொள்ளளவு. அதிலும் அமெரிக்க அவுன்ஸ் 29.57 மில்லி, பிரிட்டிஷ் அவுன்ஸ் 28.41 மில்லி. அமெரிக்கக் காலன் 3.785 லிட்டர்தான், பிரிட்டிஷ் காலனில் ஆறில் ஐந்து பங்கு.

அறைகளில் அரிசி வேகாமல் போவதற்குப் பெரிய காரணம் ரைஸ் குக்கர் கப். குக்கரோடு வரும் அந்தச் சின்னக் கப் பெரும்பாலும் 180 மில்லி, அமெரிக்கக் கப்பில் முக்கால்தான். பானையின் உள்பக்கம் 2, 3, 4 என்று போட்டிருக்கும் கோடுகள் அந்தக் கப்புக்கான தண்ணீர்க் கோடுகள். கப் தொலைந்துபோய், கையில் கிடைத்த பெரிய டம்ளரால் மூன்று அரிசி போட்டு 3 என்ற கோடு வரை தண்ணீர் விட்டால் சோறு நறுக்கென்றுதான் இருக்கும். அந்த 180 மில்லி ஜப்பானியரின் பழைய அரிசி அளவு. அதன் பெயர் கோ. பத்துக் கோ சேர்ந்தால் ஒரு ஷோ, 1.8 லிட்டர். ஜப்பானும் 1950களின் இறுதியில் மெட்ரிக்குக்கு மாறிவிட்டது. ஆனாலும் நம் வீட்டுக் குக்கரின் மேல் 1.8 லிட்டர் என்று எழுதியிருக்கிறதே, அது மெட்ரிக் சட்டை போட்ட ஷோதான். நம் ஆழாக்கு 168 மில்லி, அவர்கள் கோ 180 மில்லி. அரிசி சாப்பிடும் இரண்டு நாடுகள் ஒன்றையொன்று கேட்காமலே இவ்வளவு கிட்டத்தில் வந்து நின்றது எனக்கு நிஜமாகவே சந்தோஷம் தருகிற விஷயம்.

இப்படிப் பழைய அளவுகள் புதிய எண்ணுக்குள் ஒளிந்திருப்பது நம்மைச் சுற்றி நிறைய. டாஸ்மாக்கில் ஃபுல் என்பது 750 மில்லி. பிரிட்டிஷ் காலனில் ஆறில் ஒரு பங்கு 757.7 மில்லி; பழைய பாட்டில் அளவு அது, மெட்ரிக்கில் 750 ஆக உருண்டது. ஆஃப் 375, கணக்கு சரி. குவார்ட்டர் 187.5 ஆக இருக்க வேண்டும், 180தான் இருக்கிறது. நாலு குவார்ட்டர் ஒரு ஃபுல் ஆகாது, 30 மில்லி குறையும். இலங்கையில் நம்மவர்கள் இன்றும் ஒரு றாத்தல் பாண் என்றுதான் கேட்கிறார்கள். றாத்தல் பழைய பவுண்டு, 453.6 கிராம், இன்றைய பாண் 450 கிராம். நகைக் கடையில் ஒரு பவுன் 8 கிராம், பிரிட்டிஷ் தங்க நாணயத்தின் 7.99 கிராமைச் சற்றே உருட்டியது.

சரி, படியும் உழக்கும் கேட்டு நிற்கும் அந்தப் பையனுக்கு என்ன சொல்வது? அவன் எதையும் மாற்றவே வேண்டாம். அம்மா சொன்னது அளவு அல்ல, விகிதம். நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து. எந்த டம்ளரை எடுத்தாலும் அதே டம்ளரால் நாலும் ஒன்றும் அளந்தால் போதும். டம்ளர் 150 மில்லியா 300 மில்லியா என்ற கேள்வியே எழாது. நம் பாட்டிகள் அளவுக் கப் இல்லாமல் பல நூறு பேருக்குச் சமைத்ததன் ரகசியம் இதுதான்: ஒரே பாத்திரத்தை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். அரிசியும் உளுந்தும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி என்பதால் நாலு கிலோவுக்கு ஒரு கிலோ என்று நிறுத்துப் போட்டாலும் இட்லி கெடாது. முறுக்குக்கு இது ஓடாது. அரிசி மாவும் வறுத்து அரைத்த உளுந்து மாவும் இடம் பிடிப்பதில் வேறு வேறு. ஒருவர் சலித்திருப்பார், ஒருவர் அழுத்தியிருப்பார். டம்ளரில் சொன்ன குறிப்பை டம்ளரிலேயே செய்ய வேண்டும், கிராமில் சொன்னதைத் தராசில்தான் செய்ய வேண்டும். ஒன்றை இன்னொன்றாக மாற்றப் புகுந்தால் அந்தப் பொருளுக்கு உரிய எண் கையில் இருக்க வேண்டும்.

அந்த எண்ணை நாமே உண்டாக்கலாம். ஆலையில் எந்த மைக்ரோமீட்டரை எடுத்தாலும் அதன் மேல் கடைசியாக எப்போது சரிபார்த்தது என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். கடைத் தராசுக்கும் முத்திரை உண்டு. மின்னணுத் தராசை ஆண்டுக்கு ஒருமுறை சட்டமுறை எடையளவு அதிகாரியிடம் காட்டி முத்திரை வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் இந்த வேலை தொழிலாளர் துறையின் பொறுப்பு. வீட்டு டம்ளருக்கு மட்டும் யாரும் முத்திரை போடுவதில்லை. ஒரு சின்னச் சமையல் தராசை யாரிடமாவது வாங்கி, தினம் புழங்கும் டம்ளரை வைத்து, முதலில் தண்ணீர் நிரப்பி நிறுங்கள். எத்தனை கிராமோ அத்தனை மில்லி அந்த டம்ளர். பிறகு அதே டம்ளரில் அரிசி, ரவை, சர்க்கரை, மைதா ஒவ்வொன்றாகத் தலை தட்டி நிறுத்து, ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். ஒரு மாலைப்பொழுது போதும்.

அந்தத் தாள் இருந்தால் அரிசி மூட்டையையும் கணக்குப் போடலாம். இப்போது கடைகளில் 26 கிலோ மூட்டை நிற்கிறதே, அதற்கும் சமையலுக்கும் சம்பந்தமில்லை. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பொட்டலமிட்டுப் பெயரிட்ட அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது, ஒரு கிலோ கூட்டி அந்த எல்லையைத் தாண்டிவிட்டார்கள். டம்ளர் அரிசி 170 கிராம் என்று தாளில் இருந்தால், அந்த மூட்டையில் 152 டம்ளர் இருக்கிறது. நாலு பேர் அறையில் நாளைக்கு ஐந்து டம்ளர் செலவானால் ஒரு மாதம் முழுதாக ஓடும்.

கடைசியாக எண்ணெய்க்கு ஒரு கணக்கு. அலமாரியில் ஒரு லிட்டர் பாக்கெட் 150 ரூபாய், பக்கத்தில் ஒரு கிலோ பாக்கெட் 160 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்து ரூபாய் மலிவு என்று கை லிட்டர் பாக்கெட்டுக்குத்தான் போகும். லிட்டர் பாக்கெட்டில் இருப்பது 910 கிராம். அந்த விலையில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 165 ரூபாய் ஆகிறது. 160 ரூபாய் பாக்கெட்தான் மலிவு.